குறட்டையும் மூச்சும் பல்லும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பல் வைத்தியராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா என்னை அழைத்து, "உனக்குத் தெரிந்த ஒரு சுகாதார விடயம் பேசு, அதையே நூற்றாண்டு மலரிலும் போடுவோம்" என்றார். பல் வைத்தியர் என்றால் பல் துலக்குவதைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். கடைசியில் அங்கேயும் வருவேன். நான் முதலில் பேசப் போவது குறட்டையைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். குறட்டை என்றால் எல்லோருக்கும் சிரிப்புத்தான். பதுளையிலிருந்து கொழும்புக்கு இரவுத் தபால் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். தெமோதரை தாண்டுவதற்குள் யாரோ ஒருவர் ஆரம்பித்துவிடுவார். பெட்டியே சிரிக்கும். நானும் சிரித்தவள்தான்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பிறந்தேன். லயத்து வீடு. எங்கள் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரை எழும்பாது. எங்கள் அப்பாவின் குறட்டை அந்தச் சுவருக்கு மேலால் போய் லயம் முழுவதும் கேட்கும். அடுத்த வீட்டு மாமா காலையில் பீலியடியில் நின்று அதைச் செய்து காட்டுவார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. இரவில் எனக்கு விழிப்பு வரும்போதெல்லாம் அம்மா உட்கார்ந்திருப்பார். அப்பாவின் சத்தம் திடீரென்று நின்றுபோகும். அம்மா மனதுக்குள் எண்ணுவாராம். அதிக நேரம் போனால் தோளைப் பிடித்து உலுக்குவார். அப்பா ஒரு பெரிய செருமலோடு மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் தூங்குவார்.

அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்தில் நின்றபடியே கண் அசந்துவிடுவார். சோம்பேறி என்ற பெயர் வாங்கினார். பிரஷர் கூடியிருந்தது. 53 ஆவது வயதில் பாரிசவாதம் வந்து காலமானார். இந்த நோய்தான் காரணம் என்று இன்று நான் சொல்ல முடியாது. யாரும் அவரைப் பரிசோதிக்கவில்லை. ஆனால் பல் வைத்தியம் படிக்கும்போது ஒரு நாள் விரிவுரையில் இந்த நோயின் அறிகுறிகளைப் பலகையில் எழுதினார்கள். எழுதிய ஒவ்வொரு வரியும் எங்கள் காம்பராவில் நடந்ததாக இருந்தது.

இந்த நோயை ஸ்லீப் அப்னியா என்பார்கள். தமிழில் தூக்க மூச்சுத்தடை என்று சொல்லலாம். நாம் தூங்கும்போது உடம்பின் தசைகள் தளர்கின்றன. நாக்கும் தொண்டையைச் சுற்றியுள்ள தசைகளும் அவ்வாறே தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரியும். சிலருக்குத் தொண்டை வழி இயல்பாகவே ஒடுக்கம். சிலருக்குக் கழுத்தில் கொழுப்புக் கூட. சிலருக்குக் கீழ்த்தாடை சிறிது அல்லது பின்தள்ளியது. அப்போது காற்று நெருக்கிக்கொண்டு போகிறது, மெல்லிய தசைகள் அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் குறட்டை. வழி முழுவதும் அடைபட்டால் சத்தமே இருக்காது. நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது. இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். மூளை பயந்து எழுப்பிவிடும். தூங்குகிறவருக்கு இது எதுவும் ஞாபகம் இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

பத்து செக்கன்களோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கெடுப்பார்கள். மூச்சு முழுவதும் நிற்காமல் ஓரளவு குறைவதையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 வரை இருந்தால் இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30 க்கு மேல் கடுமையானது. மணிக்கு முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒருவர் கழுத்தைப் பிடித்து நெரிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஏழு மணித்தியாலம் படுத்து எழுந்தவர் பகலில் தூங்கி விழுவதில் என்ன ஆச்சரியம்? இரத்த அழுத்தம், இதய நோய், பாரிசவாதம், நீரிழிவு என்று இதனோடு சேர்ந்து வரும் நோய்கள் பல. பசறை, லுணுகலை, ஹப்புத்தளைப் பாதைகளில் லொறியும் பஸ்ஸும் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு செக்கன் கண் மூடினாலே போதும், மற்றதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இது அபூர்வமான வருத்தமும் அல்ல. 2019 இல் வெளியான ஓர் உலகளாவிய கணிப்பின்படி 30 முதல் 69 வயதுக்கு இடைப்பட்டவர்களில் சுமார் 94 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. பருமனானவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ஆசிய மக்களில் எடை அதிகமில்லாதவர்களுக்கும், தாடையின் அமைப்புக் காரணமாக, இது வருகிறது. எங்கள் அப்பா கொழுந்துக் கூடைக் கம்பு போல இருந்தவர்.

இப்போது நம்மைப் பற்றிப் பேசுவோம். குறட்டை ஆம்பிளைகளின் காரியம் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. டொரொன்டோவில் பிரான்சிஸ் சுங் என்ற மயக்கமருந்து வைத்திய நிபுணரும் அவரது குழுவினரும் 2008 இல் ஒரு கேள்விப் பட்டியலை வெளியிட்டார்கள். உலகமெங்கும் அதைப் பாவிக்கிறார்கள். பக்கத்து அறைக்குக் கேட்கும்படி குறட்டை விடுகிறீர்களா? பகலில் களைப்பாக இருக்கிறீர்களா? தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? பிரஷர் இருக்கிறதா? உடல் எடை மிக அதிகமா? வயது 50 க்கு மேலா? கழுத்தின் சுற்றளவு 40 சென்றிமீற்றருக்கு மேலா? நீங்கள் ஆணா? மொத்தம் எட்டுக் கேள்விகள். மூன்றுக்கோ அதற்கு மேலோ ஆம் என்றால் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

கடைசிக் கேள்வியைக் கவனித்தீர்களா? ஆண் என்றால் ஒரு புள்ளி. அது சரிதான், ஆண்களுக்கு அதிகம். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் வேகமாகக் கூடுகிறது. பெண்களுக்கு அறிகுறிகளும் சற்று வேறு. "குறட்டை விடுகிறேன்" என்று யாரும் வந்து சொல்வதில்லை. "தூக்கம் வருவதில்லை டொக்டர், காலையில் தலையிடி, எந்நேரமும் அசதி, எரிந்து எரிந்து விழுகிறேன்" என்பார்கள். வயசாகிவிட்டது, வீட்டு வேலை கூட, மனக் கவலை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். சிலருக்குத் தூக்க மாத்திரையும் கிடைக்கும். மூச்சுத்தடை உள்ளவருக்குச் சில தூக்க மாத்திரைகள் இன்னும் தீங்கு செய்யும். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது போல எத்தனை ஆண்கள் விழித்திருந்து மனைவியின் மூச்சை எண்ணுகிறார்கள்? பல வீடுகளில் அவர்கள் தூங்கிவிடுகிறார்கள்.

எங்கள் வகுப்பில் படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டே சொல்கிறேன். ஆசிரியை. பல வருடங்களாக எந்தக் கல்யாண வீட்டிலும் இரவு தங்கமாட்டாள். கதிர்காமப் பயணம் போனோம், அவள் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை, மாமியாருக்குச் சுகமில்லை என்று ஏதாவது ஒரு காரணம். ஒரு நாள் என் கிளினிக்கில் பல் அடைக்க வந்தவள், நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனாள். குறட்டையும் வந்தது. எழுந்ததும் அழுதாள். அப்போதுதான் எனக்கு விடயம் தெரிந்தது. பக்கத்து அறையில் தனியாகப் படுத்து, கதவைச் சாத்தி, துணியை இடுக்கில் வைத்து அடைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். நான் அவளைச் சுவாச நோய் நிபுணரிடம் அனுப்பினேன். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 22 தடைகள்.

இந்த நோய்க்கு முதல் சிகிச்சை சீபெப் என்னும் இயந்திரம். மூக்கில் ஒரு முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், தலைமாட்டில் ஒரு சிறு இயந்திரம். மெல்லிய அழுத்தத்தோடு காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றே தொண்டை வழியை அடைபடாமல் தாங்கி நிற்கும். அவுஸ்திரேலியாவில் சிட்னியைச் சேர்ந்த கொலின் சலிவன் என்பவர் உருவாக்கி, 1981 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார். மிக நல்ல சிகிச்சை. கடுமையான நோய் உள்ளவர்கள் முதலில் இதைத்தான் முயல வேண்டும். இதைப் பாவித்துப் புது மனிதர்களான பலரை எனக்குத் தெரியும்.

ஆனால் எல்லோராலும் முடிவதில்லை. முகமூடி மூச்சு முட்டுகிறது என்பார்கள். மூக்கு வறண்டுபோகும். என் தோழி மூன்று கிழமை முயன்றுவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு படுத்தால் நான் ஆஸ்பத்திரியில் இருப்பது போல இருக்கிறது" என்று கழற்றி வைத்துவிட்டாள். விலையும் இலட்சக்கணக்கில். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். போதாததற்கு அது மின்சாரத்தில் ஓடுவது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மழைக் காலத்தில் நம் மலைப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது இன்றும் இருக்கிறது.

இயந்திரம் முடியாதவர்களுக்கு வேறு வழியில்லையா? இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாம் இங்கே படிக்கும்போது முதலுதவிப் பயிற்சி தந்தார்களே, நினைவிருக்கிறதா? மயங்கிக் கிடப்பவருக்கு முதலில் என்ன செய்யச் சொன்னார்கள்? தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாடையை முன்னே தூக்கு என்றார்கள். ஏன்? நாக்கு கீழ்த்தாடையோடு இணைந்திருக்கிறது. தாடை முன்னே வந்தால் நாக்கும் முன்னே வரும், மூச்சு வழி திறக்கும். அவ்வளவுதான் இரகசியம்.

இப்போது எல்லோரும் கீழ்த்தாடையை முன்னே தள்ளுங்கள். கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் வரட்டும். அப்படியே வைத்துக்கொண்டு குறட்டைச் சத்தம் எழுப்பிப் பாருங்கள். டீச்சர், நீங்களும்தான். வரவில்லை அல்லவா? தாடையை விட்டுவிட்டு முயன்று பாருங்கள். இப்போது வருகிறது.

இரவு முழுவதும் தாடையை அப்படி முன்னே பிடித்து வைக்கும் கருவிதான் வாய்க்கருவி. மேற்பற்களுக்கு ஒன்று, கீழ்ப்பற்களுக்கு ஒன்று என இரண்டு உறைகள். இரண்டையும் இணைக்கும் ஒரு திருகோ பட்டியோ இருக்கும். படுக்கும்போது போட்டு, காலையில் கழற்றிக் கழுவி ஒரு சிறு பெட்டியில் வைக்கலாம். சத்தமில்லை, கரண்ட் வேண்டாம், கைப்பையில் கொண்டுபோகலாம்.

இந்த எண்ணம் பழையது. பிரான்சில் பியர் ரொபின் என்ற வாய் நோய் வைத்தியர், பிறவியிலேயே கீழ்த்தாடை சிறுத்த குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சு அடைபடுவதை 1923 இல் எழுதினார். தாடையை முன்னே கொண்டுவரும் கருவியை அவர் அதற்கு முன்பே பாவித்து வந்தார். பெரியவர்களின் தூக்க மூச்சுத்தடைக்கு வாய்க்கருவி பயன்படும் என்று பரிசோதித்து வெளியிட்டவர்களில் முன்னோடி ஒரு பெண். சிக்காகோவின் உளவியலாளர் ரொசலின்ட் கார்ட்ரைட். நாக்கை முன்னே இழுத்துப் பிடிக்கும் ஒரு கருவியைப் பற்றிச் சாமெல்சன் என்பவரோடு சேர்ந்து 1982 இல் எழுதினார். இன்று அதிகம் பாவிப்பது தாடையை முன்னே நகர்த்தும் வகை.

இது எவ்வளவு நல்லது? சிட்னியில் 126 பேரை வைத்து நடத்தி 2013 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒவ்வொருவரும் ஒரு மாதம் இயந்திரத்தையும் ஒரு மாதம் வாய்க்கருவியையும் பாவித்தார்கள். தடைகளைக் குறைப்பதில் இயந்திரம்தான் முன்னுக்கு நின்றது. ஆனால் வாய்க்கருவியை அவர்கள் அதிக மணித்தியாலங்கள் போட்டுக்கொண்டார்கள். பகல் தூக்கம், இரத்த அழுத்தம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் கடைசியில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தன. பெட்டியில் தூங்கும் நல்ல இயந்திரத்தைவிட வாயில் இருக்கும் கருவி மேல் என்று இதை நான் விளங்கிக்கொள்கிறேன். 2015 இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் பல் வைத்தியத் தூக்க மருத்துவக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும், இயந்திரத்தைத் தாங்க முடியாதவர்களுக்கும் வேறு சிகிச்சையை விரும்புகிறவர்களுக்கும் வாய்க்கருவியைப் பரிந்துரைக்கிறது.

எல்லோருக்கும் வேலை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன். பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: மூன்றில் ஒருவருக்கு முழுப் பயன், ஒருவருக்குப் பாதிப் பயன், ஒருவருக்குப் பயன் மிகக் குறைவு. இலேசான, நடுத்தரமான நோய்க்கும், மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை வருகிறவர்களுக்கும், அதிகப் பருமன் இல்லாதவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

செய்யும் முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஏமாறுகிறார்கள். முதலில் தூக்கப் பரிசோதனை. விரலில் ஒரு கிளிப், மூக்கடியில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பட்டி கட்டி வீட்டிலேயே படுத்துச் செய்யும் சிறிய பரிசோதனையும் உண்டு. நம் பக்கத்தவர்கள் இதற்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டி வரலாம். நோயைத் தீர்மானிப்பது வைத்தியர், கருவியைச் செய்வது பல் வைத்தியர். குறட்டை நின்றால் நோய் நின்றது என்று அர்த்தமில்லை. சத்தம் போய், தடை அப்படியே இருக்கலாம்.

பிறகு பல் வைத்தியர் பற்களையும் முரசையும் தாடை மூட்டையும் சோதித்து, அச்செடுப்பார். தாடையை எவ்வளவு தூரம் முன்னே கொண்டுபோக முடியும் என்று அளந்து, அதில் ஏறக்குறைய பாதித் தூரத்தில் தொடங்குவார். பிறகு கிழமைக் கணக்கில், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்த வேண்டும். பொறுமை வேண்டும். சரியான இடம் வந்ததும், கருவியைப் போட்டுக்கொண்டு மறுபடி ஒரு தூக்கப் பரிசோதனை. இதை விட்டுவிடாதீர்கள். என் தோழிக்கு இரண்டரை மாதம் எடுத்தது. இரண்டாவது பரிசோதனையில் 22 என்பது 6 ஆக இருந்தது.

இணையத்தில் வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்தும் கருவிகள் மலிவாக விற்கிறார்கள். அவை சரியாகப் பிடிக்காது, இரவில் கழன்றுவிடும், தாடையை அளவாக நகர்த்தவும் முடியாது. பரிசோதனையே இல்லாமல் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, சத்தம் குறைந்தது என்று திருப்தியடைவதுதான் பெரிய ஆபத்து.

தொந்தரவுகளும் உண்டு. ஆரம்பத்தில் எச்சில் ஊறும், அல்லது வாய் வறளும். காலையில் தாடை மூட்டு வலிக்கும், பல் கூசும். பெரும்பாலும் சில கிழமைகளில் குறையும். வருடக் கணக்கில் பாவித்தால் பற்கள் சிறிது நகர்ந்து, கடிக்கும் விதம் மாறலாம். அதனால் முதல் வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இனி, நான் கடைசியில் வருவேன் என்று சொன்ன இடம். இந்தக் கருவி எதில் மாட்டுகிறது? உங்கள் சொந்தப் பற்களில். பிடித்து நிற்பதற்கு மேலும் கீழும் போதிய பற்கள் வேண்டும். வழக்கமாக ஒவ்வொரு தாடையிலும் ஆறிலிருந்து பத்து வரை உறுதியான பற்களை எதிர்பார்ப்போம். மேலே பொய்ப்பல்லும் கீழே சொந்தப் பல்லும் உள்ள சிலருக்குச் செய்யலாம். இரண்டு பக்கமும் பல் இல்லாதவருக்கு மிகவும் கடினம்.

அப்பா போன பிறகு பல வருடம் கழித்து, அம்மாவுக்கும் இதே நோய் வந்தது. இப்போது அவர் மூச்சை நான் எண்ணினேன். பரிசோதித்தோம், நடுத்தரம். முகமூடியை அவரால் தாங்க முடியவில்லை. அம்மாவுக்கு வாய்க்கருவி செய்துவிடலாம் என்று எனக்கு ஒரு பெருமை. நான்தானே அந்த வேலை செய்கிறவள். அம்மா வாயைத் திறந்தார். கீழே மூன்று பல், மேலே ஒன்றும் இல்லை.

இது எனக்குத் தெரியாததா? தெரியும். சின்ன வயதிலிருந்து மலையில் கொழுந்தெடுத்தவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் அதுதான் துணை. பல் வலித்தால் ஒரு நாள் பேரை இழந்து பதுளைக்குப் பஸ் ஏறி வரவேண்டும். அப்படி வருகிறவர் பல்லை அடைக்கச் சொல்லமாட்டார், பிடுங்கச் சொல்லுவார். ஒவ்வொன்றாகப் போனது. மகள் படித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கருவியை என் தாய்க்கு வைக்க முடியவில்லை. தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்து, பிறகு மெதுவாக வேறு வகை முகமூடிக்குப் பழக்கினோம். 2022 மின்வெட்டுக் காலத்தில் பல இரவுகள் சாய்மனைக் கதிரையிலேயே தூங்கினார்.

பாக்குக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. நெடுநாள் பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்பக்கம் நாராக இறுகி, வாய் திறக்க முடியாமல் போகும். அது புற்றுநோய்க்கு முந்திய நிலைகளில் ஒன்று. அவர்களுக்கும் கருவி வைக்க முடியாது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வகைப்படுத்தியது. நம் நாட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்னணியில் நிற்கிறது. பெண்கள் வெற்றிலை போடுவதை நாம் மரியாதையாகப் பார்க்கிறோம், தட்டில் வைத்து வரவேற்கிறோம். வெற்றிலையோடு பாக்கு இல்லாமல் வரவேற்கப் பழகுவோம் என்று பெரியவர்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கைமாருக்கு ஒன்று. கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமையில் ஆரம்பித்த பயிற்சியிலிருந்துதான் நம் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் வந்தார்கள். பாடசாலையில் அவர்கள் அடைத்துவிட்ட ஒரு கடைவாய்ப்பல் ஐம்பது வயதில் ஒரு கருவியைத் தாங்கும். அந்தத் தொழிலுக்கும், பேராதனைப் பல் மருத்துவ பீடத்துக்கும் தோட்டத்திலிருந்து இன்னும் பிள்ளைகள் போகவேண்டும். தமிழில் கேட்டால்தான் எங்கள் தாய்மார் குறட்டையைப் பற்றி வாய் திறப்பார்கள்.

ஆசிரியைகளுக்கும் ஒன்று. வகுப்பில் தூங்கி விழுகிற, அல்லது ஓயாமல் துருதுருவென்றிருக்கிற பிள்ளை, இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறதா என்று தாயிடம் கேளுங்கள். பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தொண்டைச் சதை வளர்ச்சியால் வருவது. அவர்களுக்கு வேண்டியவர் காது மூக்கு தொண்டை வைத்தியர். நான் சொன்ன கருவி பெரியவர்களுக்கானது.

வீட்டுக்குப் போய் நீங்கள் செய்ய வேண்டியவை சிலதான். இன்றிரவு உங்கள் வீட்டில் யாருடைய மூச்சு நின்று நின்று வருகிறது என்று கேளுங்கள். தனியாகப் படுக்கிறவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி ஓர் இரவு கைத்தொலைபேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதை வைத்தியரிடம் போட்டுக் காட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எடை கூடியவர்கள் குறைக்கப் பாருங்கள். மதுவும் தானாக வாங்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம். சத்திரசிகிச்சைக்குப் போகும்போது மயக்கமருந்து தருகிற வைத்தியரிடம் இந்த நோய் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். இயந்திரம் தந்தவர்கள் முதலில் அதை நன்றாக முயலுங்கள். முடியாவிட்டால், "முடியவில்லை, வாய்க்கருவி எனக்குப் பொருந்துமா?" என்று கேளுங்கள். கேட்காதவர்களுக்குப் பலர் இதைச் சொல்வதில்லை. பல்லைப் பிடுங்கச் சொல்வதற்கு முன், அடைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

என் தோழி இன்று இங்கே வந்திருக்கிறாள். யாரென்று சொல்லமாட்டேன். நேற்றிரவு வெளியூரிலிருந்து வந்த பன்னிரண்டு பேர் விடுதி மண்டபத்தில் பாய் போட்டுப் படுத்தோம். அவளும் படுத்தாள். குறட்டை விட்டவர்கள் இருவர். அவள் அதில் இல்லை. அந்த இருவரிடமும் இன்று சாப்பாட்டுக்குப் பிறகு நான் தனியாகப் பேசுவேன், தப்பிப் போகவேண்டாம்.